காளானும் திசைகாட்டியும்

ஆகஸ்ட் 28, திங்கள்

ஸெய்னி ரோட்டில் மறுபடியும் தார் போடுகிறார்கள். பஸ் இருபது நிமிடம் தாமதம். உள்ளே இருந்த அத்தனை பேரும் பஸ் ஓட்டுகிற என்னையே முறைத்தார்கள், ரோட்டைத் தோண்டியது நான்தான் என்பது போல.

மாலையில் எங்கள் படையின் லெப்டினன்ட் போன் செய்தார். எங்கள் பிரிவுத் தலைவர் நார்வேக்கு வேலைக்குப் போகிறாராம், இனி வர மாட்டார். அந்த இடத்துக்கு நானும் குலேஷாவும்தான் பெயர் கொடுத்திருக்கிறோம். செப்டம்பர் 23, காட்டில் வழிகாணும் தேர்வு. காட்டில் நட்டிருக்கும் ஐந்து கம்பங்களையும் வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிப்பவருக்குப் பிரிவின் தலைமை. இருவருமே கண்டுபிடித்தால் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பார்கள்.

அது எனக்குத்தான். பதினேழு வருடமாக இந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். குலேஷா வனத்துறைக்காரன், நல்லவன், ஆனால் அவனுக்கு மரம் தெரியும், மனிதர்கள் தெரியாது.

ஏன் இவ்வளவு ஆசை என்று லெஷெக் கேட்டார். கணவர் ஆயிற்றே, கேட்கத்தான் செய்வார். "சம்பளம் கூடுமா?" என்றார். கூடாது. எங்களுடையது வார இறுதிப் படை. மாதம் ஒரு சனி, ஞாயிறு சீருடை போடுவோம், வெள்ளம் வந்தால் மண் மூட்டை அடுக்குவோம், ஆள் காணாமல் போனால் தேடுவோம், அவ்வளவுதான். அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒருவரைத் தேடிப் போனோம். வரைபடம் தலைவர் கையில் மட்டும்தான் இருந்தது. தேடச் சொன்னது வலது பக்கச் சதுப்பை. அவர் இடது பக்கச் சதுப்புக்கு எங்களைக் கூட்டிப் போனார். அது தப்பு என்று எனக்குத் தெரியும். தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற சதுப்பு, தெரியாமல் இருக்குமா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் தலைவர், நான் சாதாரணச் சிப்பாய், பனியில் கால் வேறு மரத்துப்போயிருந்தது. மறுநாள் அந்த மனிதரை வலது பக்கச் சதுப்பில் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து நானூறு மீட்டர்.

இனி வரைபடம் என் கையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 2, சனி

வகுப்பு. சார்ஜென்ட் மிலேவ்ஸ்கிக்கு இருபத்தாறு வயது. என் மகளோடு ஒரே வகுப்பில் படித்தவன். மீசை கூட சரியாக முளைக்கவில்லை, ஆனால் கரும்பலகை முன்னால் நின்றால் ஜெனரல்தான்.

ஆறு இலக்க எண்ணைக் கொடுத்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னான். வரைபடத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கிலோமீட்டர். எண்ணின் முதல் பாதிக்கு இடமிருந்து வலமாகப் போக வேண்டும், இரண்டாம் பாதிக்குக் கீழிருந்து மேலே. நான் கெட்டிக்காரி, முதலில் மேலே ஏறிவிட்டேன். விரலை அழுத்தமாக வைத்து, "இங்கேதான்!" என்று முதல் ஆளாகக் கத்தியும் விட்டேன்.

மிலேவ்ஸ்கி எட்டிப் பார்த்தான். "நீங்க இப்ப ஏரி நடுவுல நிக்கிறீங்க. நீச்சல் தெரியுமா?"

"மூணு கிலோமீட்டர் நீந்துவேன், சார்ஜென்ட்."

"உங்க பிரிவுல இருக்கிற மத்தவங்களுக்கும் தெரியுமான்னு கேட்டுக்குங்க."

வகுப்பே சிரித்தது. குலேஷா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும். இனி ஜென்மத்துக்கும் எனக்கு வலமும் மேலும் குழம்பாது.

அப்புறம் மிலேவ்ஸ்கி சொன்னான்: "மேப்பைப் பிரிச்சதும் படிக்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல திருப்புங்க. மேப்போட வடக்கு, நிஜ வடக்கைப் பார்க்கணும். அப்பதான் மேப்புல வலது பக்கம் இருக்கிறது உங்க வலது பக்கம் இருக்கும்." 

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு எங்கள் தலைவர் செய்யாமல் விட்டது இதைத்தான். எழுத்து நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கி நின்றார், அதனால் வலது இடதானது. இவ்வளவு சின்ன விஷயமா? ஒரு காகிதத்தைத் திருப்புகிற விஷயமா?

செப்டம்பர் 3, ஞாயிறு

காட்டில் மீட்டர்க்கல் கிடையாது, காலால்தான் அளக்க வேண்டும். இடது கால் தரையில் படும்போதெல்லாம் ஒன்று. நூறு மீட்டருக்கு எத்தனை வருகிறது என்று அவரவர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

லெஷெக்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்பாதைக்குப் போனேன். அவர் டேப்பைப் பிடித்தார், நான் நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன நடக்குது?" என்றார்.

"ரோடு அகலப்படுத்தப் போறாங்க," என்றார் லெஷெக், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "உங்க பிளம் மரம் போயிடும்."

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அப்புறம் நான்தான் உண்மையைச் சொன்னேன்.

பாதையில் அறுபத்தேழு. புதர்க்காட்டில் எழுபத்துநான்கு.

செப்டம்பர் 5, செவ்வாய்

டெப்போவில் கழிப்பறைக்குப் போகும்போது கூட எண்ணுகிறேன். முப்பத்தொன்று.

செப்டம்பர் 10, ஞாயிறு

காட்டில் பயிற்சி. நாள் முழுக்க.

திசைகாட்டி ஊசி காட்டுவது ஒரு வடக்கு. வரைபடக் கோடுகளின் வடக்கு இன்னொன்று. எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம். வரைபடத்தில் அளந்த கோணத்திலிருந்து ஆறைக் கழித்து நடக்க வேண்டும். கழிக்க மறந்தால் ஒரு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் விலகிவிடுவோம். நான் மறக்கவில்லை. இரண்டு பேர் மறந்தார்கள், அவர்களைத் தேடப் போக வேண்டியதாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு தந்திரம். கால்வாயில் ஒரு மதகு இருக்கிறது, அதற்குப் போக வேண்டும். மதகுக்கே குறி வைத்து நடந்தால், கால்வாயை அடைந்ததும் மதகு கண்ணில் படாவிட்டால் என்ன செய்வது? வலதா, இடதா? ஒன்றும் தெரியாது. அதனால் வேண்டுமென்றே நூறு மீட்டர் இடப்பக்கம் தள்ளிக் குறி வைக்க வேண்டும். கரையைத் தொட்டதும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பலாம். மதகு அங்கேதான் இருக்கும். தப்பைக் கூட நாமே தேர்ந்தெடுத்துச் செய்கிறோம்! மிலேவ்ஸ்கியிடம், "இதைக் கண்டுபிடிச்சவன் கல்யாணமானவனா இருக்கணும்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிகிற வயதில் புரியும்.

குலேஷா திசைகாட்டியை எடுக்கவே இல்லை. எங்கள் காடுகளில் மரம் வெட்டிப் போட்ட நேர்ப்பாதைகள் சந்திக்கிற மூலைக்கு மூலை எண் போட்ட கல்தூண் இருக்கும். அதைப் பார்த்தே நடந்தான்.

"காட்டுராஜா, மேப் பையிலேயே இருக்கே?"

"இந்தக் காட்டுல எனக்கு மேப் எதுக்கு, டிரைவரம்மா? நூத்தி நாற்பத்திரண்டாம் தூணுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன்."

அவன் என்னைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் வந்தான். எரிச்சல்.

செப்டம்பர் 19, செவ்வாய்

மூன்று நாளாக மழை. இன்று வெயில். பஸ்ஸில் ஏறிய எல்லோர் கையிலும் காளான் பறிக்கக் கூடை.

செப்டம்பர் 22, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. பூட்ஸுக்கு எண்ணெய் போட்டாயிற்று. தூரம் எண்ணும் மணிக்கயிற்றைத் தோள் பட்டையில் கட்டியாயிற்று. நூறு மீட்டருக்கு ஒரு மணியைக் கீழே இழுக்க வேண்டும்.

மிலேவ்ஸ்கி எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான்: "நாளைக்கு யாரும் காளான் பறிக்கக் கூடாது. இது உத்தரவு." கீழே முப்பது சிரிப்பு முகங்கள். என்னுடையதும் ஒன்று.

பயம் இல்லை. பிரிவில் யாரை எங்கே நிறுத்துவது என்று கூட யோசித்துவைத்துவிட்டேன்.

செப்டம்பர் 23, சனி

நான்கு.

ஐந்தில் நான்கு.

முழுவதும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

முதல் நான்கு கம்பங்களையும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு வடிவத்தில் துளையிடும் கருவி தொங்கும், அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். நான்காவதில் குத்தும்போது மணி பதினொன்றரை. குலேஷா எங்கே என்று கூடக் கவலைப்படவில்லை. ஐந்தாவதற்குத் தென்மேற்கே ஆயிரத்து நூறு மீட்டர். கோணம் எடுத்தேன், ஆறைக் கழித்தேன், நடந்தேன். கயிற்றில் ஆறு மணிகளை இழுத்தாயிற்று. ஏழாவது நூற்றில் நாற்பதாவது அடி.

பிர்ச் மரத்தடியில் ஒரு போரோவிக்.

காளான்களுக்கெல்லாம் அரசன். தொப்பி என் உள்ளங்கையை விடப் பெரிது. தண்டு வெள்ளை வெளேரென்று. நான்கே அடி தள்ளி. உத்தரவு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது! ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு என்ன பைத்தியமா? குனிந்தேன். குனிந்தால் அங்கே இன்னொன்று தெரிகிறது. அதைப் பறித்தால் அதற்கு அப்பால் இரண்டு. ஏழு பறித்தேன். நிமிர்ந்தபோது, நாற்பதா, எழுபதா? ஏழாவது மணியை இழுத்தேனா? எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன்? நான்கு பக்கமும் ஒரே மாதிரிப் பைன் மரங்கள்.

சந்தேகம் வந்தால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போ. இது மிலேவ்ஸ்கி முதல் நாளே சொன்னது. நான்காவது கம்பத்துக்கு எழுநூறு மீட்டர். பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்!

போனேனா? இல்லை. "எனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டு நேராக நடந்தேன். ஒரு கம்பம் வந்தது. குத்தினேன். பாடிக்கொண்டே முடிவிடத்துக்கு வந்தேன். முதல் ஆள் நான்தான்.

மிலேவ்ஸ்கி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு என் சட்டையைப் பார்த்தான். அது வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது.

"இது உங்க அஞ்சாவது இல்லை. பக்கத்துப் பாதையில தேர்வு எழுதற வேற பிரிவோட கம்பம். நானூத்தம்பது மீட்டர் தள்ளி." அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "சட்டைக்குள்ள என்ன?" என்றான்.

 வெளியே எடுத்து மேசையில் வைத்தேன்.

"நல்ல காளான்," என்றான்.  திட்டியிருக்கலாம்.

பத்து நிமிடம் கழித்துக் குலேஷா வந்தான். ஐந்தும் சரி.

செப்டம்பர் 24, ஞாயிறு

லெஷெக் காளானை வெங்காயம் போட்டு வதக்கி, புளித்த க்ரீம் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட மாட்டேன் என்றேன். சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

என்னை நானே திட்டிக்கொண்டேன்: ஏழு காளானுக்கு ஒரு பிரிவையே வித்துட்டியேடி போக்னா. நாற்பத்தேழு வயசு ஆகுது, புத்தி வேணாமா? அன்னைக்கு அந்தத் தலைவரை மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டினே. அவராவது பனியில தப்புப் பண்ணினார். நீ? வெயில்ல, வயிறு நிறைஞ்சு, திமிரா.

போதும். அழுதாயிற்று. ஆறு வாரம் கழித்து மறுதேர்வு கேட்கலாம் என்று விதியில் இருக்கிறது, ஆனால் தலைவர் இடம் போய்விட்டது. குலேஷாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். "காளான் சூப் எப்படி?" என்று பதில் போட்டிருக்கிறான், தடியன்.

செப்டம்பர் 27, புதன்



மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. தெக்லா என்ற பெண்மணி, வயது அறுபத்தொன்று, தபால் நிலையத்தில் வேலை. காலை ஆறு மணிக்குக் காளான் பறிக்கப் போனவர் திரும்பவில்லை. போன் அணைந்துவிட்டது. சிவப்புக் கார் ரோஸ்புடா ஆற்றுக்கு அக்கரைக் காட்டில், ஒரு மண்பாதை முடிவில் நிற்கிறது. இரவில் உறைபனி விழும் என்று சொல்லியிருந்தார்கள்.

நாலு மணிக்கு அங்கே இருந்தோம். ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். எங்கள் பிரிவுக்கு ஒதுக்கியது ஐந்து சதுர கிலோமீட்டர். அதில் ஒரு பாதியைத்தான் வெளிச்சத்தில் தேட முடியும். எந்தப் பாதி?

வரைபடம் குலேஷா கையில். பாதையோரமாகக் கிழக்கே, கிராமத்துப் பக்கம் தேடலாம் என்றான். வழி தவறினால் யாரும் பாதையைத்தான் தேடுவார்கள் என்றான். எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டோம். அவன் கையை உயர்த்தினான்.

 அந்தப் பனி நாள் ஞாபகம் வந்தது. அதே வரிசை. நான் மூன்றாவது ஆள்.

"நில்லு," என்றேன்.

குலேஷா திரும்பினான். "என்ன?"

"அந்தம்மா பாதையில போகலை. காளான் பறிக்கிறவ தலையை நிமிர்த்தவே மாட்டா. ஒண்ணு அடுத்ததுக்கு இழுக்கும். மேப்பைக் காட்டு."

"இப்பவா பாடம் நடத்துவே?"

"காட்டுடா!"

காட்டினான். அதைத் தரையில் விரித்து வடக்குக்குத் திருப்பினேன். உயரக் கோடுகள் மிக விலகி விலகி இருந்தன. நடக்கிறவருக்குத் தெரியாத சரிவு, ஆனால் தென்மேற்கே இறங்குகிறது. அங்கே பைன் முடிந்து, ஈரமான பிர்ச் காடு தொடங்குகிறது. மழைக்குப் பிறகு போரோவிக் எங்கே முளைக்கும்? அங்கேதான். நான் அன்று குனிந்தபோது என் கால் எந்தப் பக்கம் போயிற்று? இறக்கத்துக்குத்தான். ஒவ்வொரு காளானும் இரண்டடி கீழே இழுத்தது. இந்தச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு நீலக் கோடு, வடிகால் வாய்க்கால். காரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

"வாய்க்காலை அவங்களால தாண்ட முடியாது. அங்கே முட்டிக்கிட்டு நிக்கணும். வலது பக்கமா இடது பக்கமான்னு எனக்குத் தெரியாது. அதனால நாம அதோட மேல் முனைக்குப் போயி, அங்கேருந்து கரையோரமாவே கீழ வரைக்கும் வருவோம். முழு நீளமும் பார்த்துடலாம்."

குலேஷா வரைபடத்தைப் பார்த்தான். மரங்களைப் பார்த்தான். பிறகு என்னை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"போக்னா, இது என் காடு இல்ல. இங்கே ஒரு தூணும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை தேர்வுல நான் மேப்பைப் பிரிக்கவே இல்ல." திசைகாட்டியைக் கழற்றி என் கையில் வைத்தான். "நீ நடத்து. உன் பின்னாடி வரேன்."

அந்தப் பெரிய மனிதனை அப்படியே கட்டிப்பிடித்திருப்பேன், நேரமில்லை.

கோணம், ஆறு கழித்து. எழுபத்துநான்கு, மணி. எழுபத்துநான்கு, மணி. வழியெல்லாம் போரோவிக் நின்றது, சத்தியமாக, ஒன்றைக் கூடத் தொடவில்லை. வாய்க்காலின் மேல் முனையைத் தொட்டதும் திரும்பிக் கரையோரமாக வந்தோம். முந்நூறு மீட்டருக்கு ஒருமுறை விசில், பிறகு அமைதி. முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மணி ஐந்தேமுக்கால். நான் தப்பாகச் சொல்லியிருந்தால்? கிராமத்துப் பக்கம் அவர் கிடந்தால்? 

மூன்றாவது விசிலுக்குப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல்:

"பார்த்து! கூடையை மிதிச்சிடாதீங்க!"

தெக்லா கணுக்கால் பிசகி, கரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் கூடை நிறையக் காளான், மேலே பாசி போட்டு மூடி, பத்திரமாக. நாங்கள் போர்வையைச் சுற்றும்போது கூடக் கூடையை விடவில்லை. "எந்த இடத்துல பறிச்சேன்னு மட்டும் கேட்காதீங்க," என்றார். குலேஷா சிரித்துக்கொண்டே முதுகில் தூக்கிக்கொண்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

குலேஷா லெப்டினன்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தூண்களைப் பற்றியும். பதவி வேண்டாம் என்றும். லெப்டினன்ட் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார். ஒருத்தர் காளான் பார்த்து நடக்கிறார், ஒருத்தர் கல்லைப் பார்த்து நடக்கிறார், வரைபடம் அச்சடித்தவன் முட்டாளா என்று கேட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் மறுதேர்வு, உடனே, இருவருக்குமே தெரியாத காட்டில்.

அக்டோபர் 7, சனி

ஐந்தும். மூன்று மணி நேரம் பத்து நிமிடம். சட்டைக்குள் நான் மட்டும். குலேஷாவுக்கு மூன்று. பிரிவு எனக்கு.

அக்டோபர் 21, சனி

தலைவியாக முதல் நாள். பதினோரு பேர், பத்து கிலோமீட்டர்.

போன வாரமே மிலேவ்ஸ்கியிடம் பன்னிரண்டு வரைபடம் கேட்டிருந்தேன். ஒரு பிரிவுக்கு இரண்டுதான் வழக்கம் என்றான். "எனக்குப் பன்னிரண்டு வேணும், சார்ஜென்ட்," என்றேன். கொடுத்தான். காலையில் ஆளுக்கொன்று கையில் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். "நான் தப்பாப் போனா நிறுத்தறதுக்கு," என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எங்கே தப்பாகப் போகப் போகிறேன் என்றுதான் உள்ளுக்குள் நினைப்பு.

பதினொரு மணி இருக்கும். நன்றாக வேகம் பிடித்திருந்தோம். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"நில்லுங்க."

ஹல்ஷ்கா. பல் மருத்துவமனையில் உதவியாளர், படையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இதுவரை என் காதில் விழ அவள் பேசியது "இருக்கேன்" ஒன்றுதான், அதுவும் பெயர் கூப்பிடும்போது. காது வரை சிவந்திருந்தாள்.

"ஓடை நமக்கு இடது பக்கம் இருக்கணும். வலது பக்கம் இருக்கு."

அதட்டத்தான் வாய் வந்தது. எனக்குத் தெரியாதா என்ற அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அவள் கையைப் பார்த்தேன். வரைபடத்தைச் சரியாக வடக்குக்குத் திருப்பியிருந்தாள்.

மண்டி போட்டு என்னுடையதையும் விரித்தேன். ஓடைகள் சேருமிடத்தில் வலது கிளையைப் பிடித்து வந்திருக்கிறேன். முந்நூறு மீட்டர் தப்பு.

"ஹல்ஷ்கா சொல்றது சரி," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "திரும்பறோம். ஹல்ஷ்கா, நீ முன்னாடி போ."